செம்பனை ஆலையில் ஓர் ஆண்டு: தொழிற்பயிற்சிக்குக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு

தொழிற்பயிற்சிக்குக் கிளம்பும் ஜூனியர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதுதான்: "ஈஏசி கேட்பதே குறைந்தது 8 வாரம்தானே அக்கா, எதுக்கு ஒரு வருஷம் முழுக்கத் தோட்டத்துப் பக்கம் போய்க் கிடக்கணும்?" ஈஏசி என்பது இங்கே மலேசியாவில் பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. நான் மெக்கானிக்கல். மூன்று ஆண்டு பல்கலைக்கழகம், ஓர் ஆண்டு தொழிற்சாலை என்கிற 3யூ1ஐ முறையில் படித்தவள். அந்தக் கடைசி ஆண்டைப் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் பக்கத்தில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் கழித்தேன். 8 வாரத்தில் எல்லா இயந்திரத்துக்கும் பெயர் தெரிந்துவிடும், படம் வரைந்து ரிப்போர்ட்டும் எழுதிவிடலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஓர் இயந்திரம் எதனால் பழுதாகிறது, பழுது பார்த்த பிறகும் அதே இடத்தில் மறுபடி ஏன் படுத்துக்கொள்கிறது என்பதைக் கூடவே இருந்து பார்க்க ஒரு வருஷம் வேண்டும். செம்பனைப் பழம் வருஷம் முழுக்க ஒரே அளவில் வருவதில்லை, பொதுவாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குவியும், ஜனவரி பிப்ரவரியில் குறையும், ஆலையின் மூச்சும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரண்டையும் பார்த்தவர்களுக்குத்தான் ஆலை புரியும் என்பது என் உறுதியான எண்ணம். இனிமேல் வருவது எல்லாம் நான் செய்தது, செய்யாமல் விட்டு வருந்தியது.

இடம் தேடுவது

ஆறு மாதம் முன்னதாகவே தொடங்குங்கள். பெரிய தோட்ட நிறுவனங்களுக்கு இணையத்தில் விண்ணப்பித்தால் அது தலைமை அலுவலகத்துக்குப் போகும், அங்கிருந்து பதில் வர வாரக்கணக்கில் ஆகும். விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, எந்த ஆலைக்குப் போக ஆசையோ அந்த ஆலைக்கே போன் செய்து அசிஸ்டென்ட் இன்ஜினியரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். நான் 11 இடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது மூன்றிலிருந்து. இடம் கிடைத்தது, போன் செய்து பேசிய அந்த ஓர் ஆலையில்தான்.

போனில் என்ன கேட்பது? மணிக்கு எத்தனை டன் குலை அரைக்கிறார்கள் என்று கேளுங்கள். 30, 45, 60 என்று ஏதாவது ஒன்று சொல்வார்கள். பெரிய ஆலை என்றால் நல்ல பயிற்சி என்று நினைத்துவிட வேண்டாம், சின்ன ஆலையில் ஆள் குறைவு, அதனால் உங்கள் கையிலும் ஸ்பேனர் வரும். அப்புறம், பயிற்சி மாணவரைப் பார்த்துக்கொள்ளப் போவது யார், அவர் ஆலையிலேயே இருப்பவரா என்று கேளுங்கள். வருடாந்திரப் பராமரிப்புக்கு எப்போது நிறுத்துவார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டு, உங்கள் ஆண்டுக்குள் அது வரும்படி தேதியைப் பேசிப் பாருங்கள். ஜூன், ஜூலையில் சேர முடிந்தால் நல்லது. பழம் குவிவதற்கு முன் உங்களுக்கு ஆலை பழகிவிடும்.

பெண் பிள்ளைகள் கூச்சப்படாமல் இன்னும் இரண்டு கேளுங்கள்: உடை மாற்றத் தனி இடம் இருக்கிறதா, இரவு ஷிஃப்டுக்கு வந்து போக என்ன ஏற்பாடு. நான் கேட்கத் தயங்கினேன். முதல் மாதம் முழுக்க அலுவலகத்துக் கழிவறையில் உடை மாற்றினேன், அது ஆலையிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருந்தது. கேட்ட மறுநாளே லேப் பக்கத்தில் ஒரு அறையைத் திறந்து கொடுத்தார்கள்.

பல்கலைக்கழகக் கடிதம், காப்புறுதிச் சான்று, மருத்துவப் பரிசோதனை அறிக்கை, ஐசி (அடையாள அட்டை) நகல், வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றை ஒரே கோப்பில் போட்டுக் கையில் வைத்திருங்கள். அவ்வளவுதான், இதில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

தங்குவது, போய் வருவது, பணம்

தெலுக் இந்தானில் இப்போது ரயில் கிடையாது, ரயில் பிடிக்கத் தாப்பா ரோடு வரை போக வேண்டும். ஊருக்குள் தாமான்களில் (குடியிருப்புப் பகுதிகளில்) அறை வாடகைக்குக் கிடைக்கும். ஆலையோ தோட்டத்துக்குள்ளே இருக்கும், பஸ்ஸை நம்பி காலை 7 மணி வேலைக்குப் போக முடியாது. ஆகவே மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் இல்லாதவர்கள் போவதற்கு முன் பி2 எடுத்துவிடுங்கள். தோட்டத்து மண்சாலையில் மழை நாளில் லோரி போன தடத்தில் மோட்டாரை விடாதீர்கள், ஓரத்துப் புல்லில் மெதுவாகப் போங்கள். இருட்டிய பிறகு செம்பனைக்கு நடுவே தனியாகப் போகிற வழியைத் தவிர்த்து, சுற்றினாலும் தார் ரோட்டிலேயே வாருங்கள்.

முடிந்தால் தோட்டத்திலேயே தங்கப் பாருங்கள். எனக்கு முதல் இரண்டு மாதம் ஊரில் அறை, பிறகு தோட்டத்துக் கிராணி (எழுத்தர்) ஒருவரின் உறவுக்கார அம்மா தன் வீட்டில் ஓர் அறையைக் கொடுத்தார். அங்கே போன பிறகுதான் பயிற்சியே தொடங்கியது என்று சொல்வேன், ஏனென்றால் பக்கத்து வீட்டு அண்ணன் பிரஸ் ஆபரேட்டர், எதிர் வீட்டு ஐயா பாய்லர் அறையில் மூத்தவர், மாலையில் வாசலில் கோப்பி குடித்துக்கொண்டு அவர்கள் பேசுவது முழுக்க ஆலைதான். காலையில் "பசியாறிட்டியாம்மா?" என்று கேட்காமல் அந்த அம்மா என்னை வெளியே விட்டதில்லை.

மாத அலவன்ஸ் எனக்கு 800 வெள்ளி (ரிங்கிட்). அறைக்கு 250, பெட்ரோலும் மோட்டார் செலவும் 120, மீதியில் சாப்பாடும் போனும். முதல் அலவன்ஸ் கைக்கு வர ஆறு வாரம் ஆனது, ஆகவே இரண்டு மாதச் செலவுக்குப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். சேஃப்டி பூட்ஸைச் சொந்தமாக வாங்கிக்கொள்ளுங்கள், எண்ணெய்த் தரையில் வழுக்காத அடிப்பாகம் உள்ளதாக. ஆலையில் கொடுப்பது உங்கள் அளவுக்கு இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

முதல் வாரம் பழத்தின் பின்னால் நடங்கள்

இயந்திரம் இயந்திரமாகப் பார்க்காதீர்கள், பழம் போகிற வழியே நடங்கள். ஒரு லோரி எடை மேடையில் ஏறுவதிலிருந்து எண்ணெய் தொட்டிக்குப் போகும் வரை, ஒரு நாள் முழுக்க, கையில் சின்ன நோட்டோடு.

எடை மேடைக்கு அடுத்து ரேம்ப், லோரி குலைகளைக் கொட்டும் சாய்தளம். அங்கே குலைகளைப் பிரித்துப் பார்த்து, காய், பழுத்தது, அழுகல் என்று தரம் சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களோடு ஒரு மணி நேரமாவது நில்லுங்கள், ஆலையின் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. நூறு கிலோ குலைக்கு ஏறக்குறைய 20 கிலோ எண்ணெயும், கொட்டைக்குள் இருக்கும் பருப்பு 5 கிலோவும் கிடைக்கும், காயாக வெட்டிக்கொண்டு வந்த குலையிலிருந்து எந்த இன்ஜினியராலும் அந்த 20-ஐ எடுக்க முடியாது.

அடுத்தது ஸ்டெரிலைசர். குலைகளைக் கூண்டுகளில் ஏற்றி உள்ளே தள்ளி, சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்த நீராவியில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வேக வைக்கிறார்கள். இது வெறும் அவியல் இல்லை. பழம் அடிபட்டவுடன் அதற்குள் இருக்கும் நொதி எண்ணெயைப் புளிக்க வைக்கத் தொடங்குகிறது, அந்த நொதியைக் கொல்வது முதல் வேலை. குலையிலிருந்து பழம் கழன்று வர வைப்பது அடுத்த வேலை. அழுத்தத்தை ஏன் மூன்று முறை ஏற்றி இறக்குகிறார்கள் என்று கேளுங்கள், உள்ளே மாட்டிக்கொண்ட காற்றை வெளியே தள்ளத்தான், காற்று இருக்கும் இடத்தில் சூடு ஏறாது. தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் மனப்பாடம் செய்தது எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையானது.

பிறகு திரெஷர் பழத்தை உதிர்க்கும், டைஜஸ்டர் மசிக்கும், பிரஸ் பிழியும், எண்ணெய் ஒரு பக்கம் தெளிய வைக்கும் கிளாரிஃபிகேஷனுக்கும், நாரும் கொட்டையும் இன்னொரு பக்கம் கொட்டையை உடைத்துப் பருப்பை எடுக்கும் கர்னல் பிளாண்டுக்கும் போகும். நாரும் கொட்டையின் ஓடும் பாய்லருக்குத் தீனி. பாய்லர் நீராவி டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டு, அழுத்தம் குறைந்து, அதே நீராவிதான் ஸ்டெரிலைசருக்குப் பழத்தை வேக வைக்கப் போகிறது. இந்தச் சுற்று புரிந்துவிட்டால் பாதி ஆலை புரிந்த மாதிரி. இரண்டு ஸ்டெரிலைசருக்கு ஒரே நேரத்தில் நீராவி திறந்துவிட்டால் அழுத்தம் சரிந்து, பாய்லர் அறையில் இருப்பவர் வியர்த்துப் போவார். அதனால்தான் ஒன்று விட்டு ஒன்று, நேரம் பார்த்துத் திறக்கிறார்கள். மூன்றாம் நாள் அதை நானே கவனித்துச் சொன்னபோது ஃபோர்மன் ஐயா முதல் முறையாக என் பெயரைக் கேட்டார்.

கடைசியாகக் கழிவுநீர்க் குளங்களுக்கும் போய் வாருங்கள். நாற்றத்துக்குப் பயந்து பல பேர் போவதில்லை. ஆலையிலிருந்து வரும் பச்சைக் கழிவின் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு ஏறக்குறைய 25,000 மில்லிகிராம், 1977 விதிமுறையின்படி ஆற்றில் விட வேண்டுமானால் அது 100-க்குக் கீழே வர வேண்டும். அந்த வேலையைக் குளத்தில் இருக்கும் நுண்ணுயிர்கள் செய்கின்றன. சுங்கை பேராக் (பேராக் ஆறு) பக்கத்தில் வாழ்கிற ஊரில் அது சாதாரண விஷயம் இல்லை.

கதவுக்கு முன்னால் நிற்காதீர்கள்

பாதுகாப்பு விளக்கக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டுச் சொல்வார்கள், கையெழுத்து வாங்குவார்கள். அதைவிட நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன்.

ஸ்டெரிலைசர் கதவு திறக்கும் அண்ணன் ஒருவர், இருபது வருஷமாக அதே வேலை. அழுத்தமானி பூஜ்யம் காட்டும். நாமாக இருந்தால் திறந்துவிடுவோம். அவர் திறக்க மாட்டார். பக்கவாட்டில் நின்றுகொண்டு, கதவருகே இருக்கும் சின்ன வால்வைத் திறப்பார், ஸ்ஸ் என்று ஒரு நூல் நீராவி வரும், அது அடங்கி, வெறும் துளித் துளியாகத் தண்ணீர் சொட்டும் வரை ஒரு வார்த்தை பேசாமல் காத்திருப்பார். அப்புறம் கையுறையைக் கழற்றி, புறங்கையை அந்த வால்வுக்கு அரை அடி தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். அதன் பிறகுதான் கதவு. "மீட்டர் பொய் சொல்லும் தங்கச்சி, குழாய் பொய் சொல்லாது" என்றார். 40 பிஎஸ்ஐயில் நீராவியின் சூடு 140 டிகிரிக்கு மேல். அந்தக் கதவுக்கு நேர் எதிரே எந்தக் காரணத்துக்கும், போட்டோ எடுக்கக்கூட, நிற்காதீர்கள்.

இன்னும் சில கட்டாயங்கள் உண்டு. தொட்டி, பாய்லர் டிரம், ஸ்டெரிலைசர் என்று எதற்குள்ளும், மூடிய இடத்தில் வேலை செய்யும் பயிற்சியும் பெர்மிட்டும் இல்லாமல் தலையை நுழைக்காதீர்கள், யார் "ஒரு நிமிஷம்தானே" என்று கூப்பிட்டாலும். வாயுவை அளந்து, ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட தாள் இருக்க வேண்டும். ஓடாமல் நிற்கிற கன்வேயரைத் தொடுவதற்கு முன் மின்சுவிட்சில் பூட்டும் அட்டையும் மாட்டியிருக்கிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். காதடைப்பை ஒரு நாளும் விடாதீர்கள். ஒரு நாள் முழுக்க வேலை செய்பவர் கேட்கலாம் என்று சட்டம் வைத்திருக்கும் அளவு 85 டெசிபல், கர்னல் பிளாண்டில் கொட்டை உடைக்கும் ரிப்பிள் மில் ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டியிருக்கும். எங்கள் ஆலையில் வயதான இரண்டு பேருக்குக் காது சரியாகக் கேட்காது. அந்தக் காலத்தில் யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, எனக்கு அதை நினைத்தால் இன்னும் வேதனைதான்.

ஒரே ஓர் இயந்திரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இந்தப் பகுதியைப் படியுங்கள்.

முதல் இரண்டு மாதம் எல்லாப் பக்கமும் சுற்றுங்கள். அதன் பிறகு ஓர் இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்து, வருஷம் முடியும் வரை அதை விடாதீர்கள். டர்பைன், பாய்லர் மாதிரிப் பெரியதாக இருக்க வேண்டியதில்லை. நான் எடுத்தது கிளேபாத். யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு தொட்டி. கொட்டையை உடைத்த பிறகு பருப்பும் ஓடும் கலந்து வரும், அதைக் களிமண் கரைத்த தண்ணீரில் விடுவார்கள். கரைசலின் ஒப்படர்த்தி (தண்ணீரைப் போல எத்தனை மடங்கு அடர்த்தி என்பது) 1.12 வாக்கில் இருந்தால் பருப்பு மிதக்கும், ஓடு மூழ்கும். கரைசல் நீர்த்துப் போனால் பருப்பும் ஓட்டோடு சேர்ந்து மூழ்கி, பாய்லருக்குப் போய் எரிந்துவிடும். விற்கிற பொருள் அடுப்பில் எரிகிறது, அவ்வளவுதான் விஷயம்.

லேப் அக்கா ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஓட்டு மாதிரியை எடுத்து, மேசையில் கொட்டி, கையாலேயே பருப்பைப் பொறுக்கி எடை போடுவார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு வாரத்தில் எனக்கே தெரிந்தது, பகல் மாதிரியில் பருப்பு குறைவு, விடியற்காலை மாதிரியில் அதிகம். கேட்டால் எல்லாரும் "நைட் ஷிஃப்ட் ஆளுங்க தூங்குறாங்க" என்றார்கள். எனக்கு அதை அப்படியே எழுத மனம் வரவில்லை. மூன்று வாரம் இரவு ஷிஃப்டில் போய், ஒவ்வொரு மணிக்கும் கரைசலின் ஒப்படர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தேன். இரவு 11-க்கு 1.12, அதிகாலை 3-க்கு 1.08. யாரும் தூங்கவில்லை. தண்ணீர்க் குழாயின் வால்வு மூடிய பிறகும் உள்ளே கசிந்துகொண்டே இருந்தது. பகலில் காலை வந்தவுடன் வழக்கமாகக் களிமண் சேர்ப்பதால் தெரியாமல் போனது, இரவில் தெரிந்தது. நான் எண்களைக் காட்டியபோது நைட் ஷிஃப்ட் அண்ணன் ஒருவர் ஒன்றும் பேசாமல் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வால்வை மாற்றினார்கள். ஆகஸ்டில் எல்லாம் சரி. 8 வாரப் பயிற்சி என்றால் இங்கே ரிப்போர்ட் முடிந்திருக்கும், "பிரச்சினை தீர்க்கப்பட்டது" என்று நானும் எழுதியிருப்பேன்.

அக்டோபரில் பழம் குவிந்த நேரத்தில் மறுபடி அதே கசிவு. புது வால்வு. கழற்றிப் பார்த்தால் வால்வுக்குள் அடைப்பு வந்து உட்காரும் இடத்தில் மெல்லிய களிமண் பூச்சு, மணல் கீறல். அப்போதுதான் குழாயின் வாயைப் பார்த்தேன், அது கரைசலின் மட்டத்துக்குக் கீழே மூழ்கி இருந்தது. வால்வை மூடும் ஒவ்வொரு தடவையும் கரைசல் குழாய்க்குள் ஏறி, வால்வு வரை போய் உட்கார்ந்துகொண்டது. எந்த வால்வைப் போட்டாலும் இரண்டு மாதம்தான். பழம் குறைந்த பிப்ரவரியில் ஆலையை நிறுத்தியபோது ஃபோர்மன் ஐயா அந்தக் குழாயை வெட்டி, மட்டத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி மாற்றி வெல்டிங் செய்தார். நான் கிளம்பும்வரை கசியவில்லை. செலவு என்று பார்த்தால் ஒரு முழங்கைக் குழாயும் அரை நாள் வேலையும்தான்.

இன்னொன்று. அங்கே வேலை செய்த அண்ணன் ஹைட்ரோமீட்டரைத் தொட்டதே இல்லை. பிளாஸ்டிக் குவளையில் கரைசலை மொண்டு, ஒரு பருப்பையும் ஒரு துண்டு ஓட்டையும் உள்ளே போட்டுப் பார்ப்பார். பருப்பு துள்ளி மேலே வந்தால் சரி, யோசித்து யோசித்து வந்தால் களிமண் குறைவு, ஓடு மூழ்கத் தயங்கினால் களிமண் அதிகம். அவர் சொல்வதையும் என் ஹைட்ரோமீட்டரையும் முப்பது தடவை ஒப்பிட்டு எழுதினேன். இரண்டே தடவைதான் அவர் தவறினார். ரிப்போர்ட்டில் அவருடைய முறையையும் அட்டவணையோடு போட்டேன், விரிவுரையாளர் அதிக நேரம் நின்று படித்த பக்கம் அதுதான்.

யாரிடம், எப்படிக் கேட்பது

"இது எப்படி வேலை செய்யுது?" என்று கேட்டால் பாதிப் பேர் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள், அவர்களுக்கு அது பரீட்சை மாதிரி இருக்கும். "இது கெட்டுப்போறதுக்கு முன்னால உங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?" என்று கேளுங்கள். கதை கதையாக வரும். பிரஸ் அண்ணன் வெளியே வருகிற நாரைக் கையுறையோடு ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்ப்பார், கையுறை பளபளத்தால் எண்ணெய் போகிறது என்று பிரஸ் வாயை நெருக்கும் கோனின் அழுத்தத்தை ஏற்றுவார், நாருக்குள் உடைந்த கொட்டை அதிகம் தெரிந்தால் இறக்குவார். பாய்லர் ஐயா தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியை விட்டு அதிக நேரம் கண்ணை எடுக்க மாட்டார், புகைபோக்கியில் புகை கறுத்தால் வெளியே போய்ப் பார்க்காமலே தீனியைக் குறைப்பார், எப்படி என்று கேட்டதற்கு நெருப்பின் நிறத்தைக் காட்டினார்.

வயதில் மூத்தவர்களை அண்ணே, ஐயா, அக்கா என்றே கூப்பிடுங்கள். மேனேஜரை இன்னும் "பெரிய தொரை" என்று சொல்கிறவர்கள் உண்டு, நீங்கள் சார் என்றே சொல்லலாம். வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்த தோழர்களும் வேலை செய்வார்கள், அவர்களோடு மலாயில் பேசலாம், அவர்கள் பெயரைச் சரியாகக் கேட்டு, அந்தப் பெயரைச் சொல்லியே கூப்பிடுங்கள். பாதி ஆலை தமிழில் ஓடுகிறது, ரிப்போர்ட் ஆங்கிலத்தில் ஓடுகிறது, இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன அகராதியை நீங்களே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய உதவி.

இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917-இல் சிலாங்கூரில் தொடங்கியது, அதன் பெயர் தென்னமரம். நம் மொழிப் பெயர். நம் தாத்தா பாட்டிகள் வெட்டுக்கும் களைக்கும் போன அந்தத் தோட்ட உலகில் நாம் இன்று இன்ஜினியராகப் பயிற்சிக்குப் போகிறோம் என்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. அங்கே இருக்கிற பெரியவர்களும் நினைக்கவில்லை, அதனால்தான் அவ்வளவு பொறுமையாகச் சொல்லித் தந்தார்கள்.

லாக்புக்

பயிற்சிக் குறிப்பேடான லாக்புக்கை அன்றன்றைக்கே எழுதுங்கள். வெள்ளிக்கிழமை உட்கார்ந்து ஐந்து நாளையும் எழுதினால் ஐந்து நாளும் ஒரே மாதிரி இருக்கும். "பம்ப் பழுது பார்த்தோம்" என்று எழுதாதீர்கள். எந்தப் பம்ப், எத்தனை மணிக்கு நின்றது, முதலில் என்ன சத்தம், பேரிங்கா சீலா, ஏன் என்று யார் என்ன சொன்னார்கள், உங்களுக்கு என்ன தோன்றியது, ஆலை எவ்வளவு நேரம் நின்றது. கையால் ஒரு படம். போட்டோ எடுக்க முதலிலேயே எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள், எண்களை வெளியே சொல்லலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வாரம் ஒரு தடவை மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள், ஆண்டு முடிவில் 50 வாரத்தையும் அவர் மேசையில் வைக்க முடியாது.

பழம் குவிகிற மாதங்கள்

ஆகஸ்டிலிருந்து ஆலை இரவு பகலாக ஓடும். ரேம்பில் குலை மலையாக இருக்கும், ஒரு மணி நேரம் நின்றால் வாசலில் லோரி வரிசை ரோட்டுக்கு வந்துவிடும், எண்ணெயின் புளிப்பு ஏறும், எல்லாரும் சிடுசிடுப்பாக இருப்பார்கள். அந்த நேரத்தில் பழுது பார்க்கிறவர் பக்கத்தில் நின்று கேள்வி கேட்காதீர்கள். டார்ச்சைப் பிடியுங்கள், 19 ஸ்பேனர் என்றால் 19-ஐக் கையில் கொடுங்கள், கேள்வியை நோட்டில் எழுதி வைத்து அடுத்த வாரம் கேளுங்கள். நான் ஒரு தடவை பிரஸ்ஸில் பழத்தைப் பிழியும் திருகான வார்ம் ஸ்குரூவை மாற்றும்போது மாலை 6-இலிருந்து இரவு 2 வரை வெளிச்சம் மட்டுமே பிடித்தேன். அன்று கற்றது ஒரு செமஸ்டருக்குச் சமம்.

விடுமுறை விஷயம்: தீபாவளிக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் எல்லாருமே லீவு கேட்பார்கள், தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி என்றால் ஊரே திரண்டு நிற்கும். குடும்பம் உள்ளவர்களுக்கு முதலில் கிடைக்கட்டும். நீங்கள் சித்ரா பௌர்ணமி அன்று பகல் ஷிஃப்ட் பார்த்துவிட்டு மாலையில் ரதம் பார்க்கப் போகலாம், நான் அப்படித்தான் போனேன். ஓய்வு நாளில் ஊர் நடுவே இருக்கும் சாய்ந்த கோபுரத்தையும் பொறியியல் கண்ணோடு பாருங்கள். 1885-இல் கட்டியது, மேலே தண்ணீர்த் தொட்டி, கீழே மெத்தென்ற மண். நம் ஆலையின் தொட்டிகளும் அதே மாதிரி மண்ணில்தான் நிற்கின்றன, ஏன் அவ்வளவு ஆழம் பைல் (அடித்தளத் தூண்) அடித்திருக்கிறார்கள் என்பது அங்கே நின்றால் விளங்கும்.

சரியில்லை என்று தோன்றினால்

எனக்கு மூன்றாம் மாதம் முழுக்க அலுவலகத்தில் உட்கார்ந்து எடைச்சீட்டுகளை எக்ஸெலில் அடிக்கிற வேலை. மேற்பார்வையாளர் மாறிப் போயிருந்தார், புதியவருக்கு நான் எதற்கு வந்திருக்கிறேன் என்றே தெரியவில்லை. இரண்டு வாரம் அழுதேன், பிறகு பல்கலைக்கழகம் கொடுத்த பயிற்சித் திட்டத்தை ஒரு பக்கத்தில் சுருக்கி, "சார், காலையில் இந்த வேலையை முடித்துவிடுகிறேன், மதியத்திலிருந்து கர்னல் பிளாண்டில் இருக்க அனுமதி வேண்டும்" என்று கேட்டேன். உடனே சரி என்றார். கோபப்படாமல், குற்றம் சொல்லாமல், ஒரு தாளோடு கேளுங்கள். இரண்டு தடவை கேட்டும் நடக்கவில்லை என்றால் பல்கலைக்கழக விரிவுரையாளருக்கு எழுத்தில் சொல்லுங்கள், அவர் பார்வையிட வரும்வரை காத்திருக்க வேண்டாம். யாராவது தப்பாகப் பேசினாலோ தொட்டாலோ அன்றைக்கே சொல்லுங்கள், வீட்டுக்கும் சொல்லுங்கள். பயிற்சி கெட்டுவிடும் என்று பயந்து பொறுத்துக்கொள்ளாதீர்கள். உடம்பு சரியில்லை என்றால் கிளினிக்கில் எம்சி (மருத்துவ விடுப்புச் சீட்டு) வாங்கிக்கொண்டு வீட்டில் இருங்கள், தூக்கமும் காய்ச்சலுமாக ஆலைக்குள் வருவது உங்களுக்கும் பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து.

கடைசி ஒரு மாதம்

புது வேலை எதையும் தொடாதீர்கள். ரிப்போர்ட்டை எழுதி, ஆலைக்கு முதலில் கொடுத்து, வெளியிடக் கூடாத எண் எதுவும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், அதற்கே இரண்டு வாரம் ஆகலாம். நீங்கள் தொடங்கிய பதிவேடு ஏதாவது இருந்தால் அதைத் தொடரப் போகிறவரோடு ஒரு வாரம் சேர்ந்து எழுதுங்கள். நான் கிளேபாத்துக்கு ஒரே பக்கத்தில் ஓர் அட்டை செய்து, நேரம், ஹைட்ரோமீட்டர் எண், குவளைப் பரிசோதனை என்று மூன்று கட்டம் போட்டு, தமிழிலும் மலாயிலும் எழுதி, பிளாஸ்டிக் உறையில் தொட்டிக்கு மேலே கட்டிவிட்டு வந்தேன். முன்பு நான் செய்த நான்கு பக்கப் படிவத்தை ஒருவரும் தொடவில்லை, எண்ணெய்க் கையோடு நான்கு பக்கம் புரட்ட யாராலும் முடியாது.

ஹெல்மெட், பூட்டுச் சாவி, நுழைவு அட்டை ஆகியவற்றைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். மதிப்பீட்டுப் படிவம், பயிற்சி முடித்த சான்றிதழ் இரண்டும் கையில் வராமல் ஊரை விட்டுக் கிளம்ப வேண்டாம். அறை டெபாசிட்டையும் அதோடு கேட்டு வாங்கிவிடுங்கள். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாவோ டெபாசிட்டோடு ஒரு டப்பா முறுக்கும் கட்டிக் கொடுத்தார், பக்கத்து வீட்டுப் பிரஸ் அண்ணன் மோட்டாரில் என் பெட்டியைப் பஸ் நிலையம் வரை கொண்டுவந்து வைத்துவிட்டு, இரவு ஷிஃப்ட் இருக்கிறது என்று உடனே திரும்பிவிட்டார்.